கோவளத்திலிருந்து கோவளத்துக்கு, பக்கவாட்டில் ஒரு பலகையோடு

கிளம்பும் முன்

சென்னையிலிருந்து கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டே வண்டியை ஓட்டினால் வழியில் மூன்று கோவளம் வரும். முதலாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காடு தாண்டியதும். இரண்டாவது கன்னியாகுமரியை ஒட்டிய மீனவர் ஊர், அப்படி ஒன்று இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. மூன்றாவது கேரளத்தில் இருப்பது, கோவளம் என்றதும் எல்லாரும் நினைக்கிற அந்தக் கோவளம். மூன்றையும் ஒரே ஓட்டமாகப் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகவே ஒரு கிறுக்கு இருந்தது. சர்ஃப் பலகையையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று என்றைக்கு முடிவு செய்தேனோ அன்றிலிருந்து செலவு ஆரம்பித்தது.

பலகை 7 அடி 2 அங்குலம் நீளம், 21 அங்குலம் அகலம். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எடை நாலு கிலோ சொச்சம்தான், பின் சீட்டில் உட்காரும் எந்த நண்பனை விடவும் குறைவு என்று அப்போது கணக்குப் போட்டேன். வண்டி பத்து வயதான யூனிகார்ன். சைலன்சர் வலப்பக்கம் சுடும், சாரி கார்டு இடப்பக்கம் இருக்கிறது, நம் ஊரில் முந்திப்போகிற பஸ்ஸும் வலப்பக்கம்தான் உரசும். ஆகவே பலகைக்கு இடப்பக்கம் என்று முடிவானது. கேளம்பாக்கத்தில் கேட்டும் கிரில்லும் அடிக்கும் ஒரு வெல்டிங் பட்டறையில் போய் விளக்கினேன்.

"மீன் பிடிக்கவா சார்?"

"இல்லண்ணா, அலைமேல நின்னுக்கிட்டு வர."

"வந்து?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் அதற்கு மேல் கேட்கவும் இல்லை. ஜிஐ பைப்பை வளைத்து இரண்டு கொக்கி செய்து, ஒன்றை முன்னால் கிராஷ் கார்டிலும் மற்றதைச் சாரி கார்டிலும் பற்ற வைத்து, ஏசி பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்சைக் கொக்கியில் மாட்டிக் கொடுத்தார். 1,400 ரூபாய். கட்டுவதற்கு லாரிக்காரர்கள் இறுக்கும் பெல்ட் வேண்டாம், அது பலகையின் ஓரத்தை அமுக்கிப் பள்ளமாக்கிவிடும். பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டிய பட்டை போதும், இழுத்தால் பிடிக்கும், குலுங்கினால் கொடுக்கும்.

நாள் 1, 2025 செப்டம்பர் 12. கோவளம் - புதுச்சேரி

விடிகாலை கோவளத்தில் ஒரு மணி நேரம் தண்ணீரில். இந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் தானாகவே கற்றுக்கொண்டு, குப்பத்துப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, 2012-ல் சர்ஃபிங் பள்ளி தொடங்கியிராவிட்டால் என்னைப் போன்ற ஓஎம்ஆர் ஆட்கள் முப்பது வயதுக்கு மேல் இந்தப் பைத்தியத்தில் விழுந்திருக்க மாட்டோம். கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்கள்தான் நல்ல காலம், காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், அலை முகம் வழவழவென்று நிற்கும். செப்டம்பர் அதன் கடைசிப் படி.

அப்புறம் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மாமல்லபுரம் வருவதற்குள் மூன்று பாடம்.

முதல் பாடம், இடது கால். கியர் போடும் கால் வண்டிக்கும் பலகைக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. சிக்னலில் பழக்கதோஷத்தில் இடது காலை ஊன்றப்போய் முழங்கால் பலகையில் இடித்து, வண்டி சாய்ந்து, பக்கத்து ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். இனி வலது கால் மட்டும் என்று ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டாவது, பலகையின் மூக்கு. மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும் இல்லையா, அதை முன்பக்கம் வைத்து அடிப்புறத்தை உள்ளே திருப்பினால் வளைவு வெளியே நீட்டிக் காற்றை வாரிக்கொள்கிறது, மேல்புறத்தை உள்ளே திருப்பினால் வளைவு ஹேண்டில்பாரை நோக்கி வருகிறது. வாலை முன்னாலும் மூக்கைப் பின்னாலும் வைத்து, மேல்புறம் வண்டியைப் பார்க்கிற மாதிரி கட்டினேன். இப்போது மூக்கு டெயில் லைட்டுக்குப் பின்னால் நாய்வால் மாதிரி உள்ளே சுருண்டு நிற்கிறது. அடிப்புறத்தில் மாட்டும் சின்னத் துடுப்புகளைக் கழற்றி டப்பாவில் போட்டாயிற்று.

மூன்றாவது, சைடு ஸ்டாண்டு. அதுவும் இடப்பக்கம்தான். பலகையோடு சேர்த்துச் சாய்த்தால் வண்டி முக்கால்வாசி படுத்துவிடுகிறது. எங்கே நின்றாலும் சென்டர் ஸ்டாண்டு என்று குறித்துக்கொண்டேன். இதைக் குறித்துக்கொண்டேன் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

மாமல்லபுரத்தில் போன மாதம்தான் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது. கர்நாடகத்தில் பிறந்து கேரளக் கோவளத்தில் சர்ஃபிங் கற்ற ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார், ஆசியப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியருக்குக் கிடைத்த முதல் பதக்கம். அந்தக் கோவளத்துப் பையன் இந்தக் கோவளத்துக்குப் பக்கத்தில் வந்து ஜெயித்திருக்கிறார், நான் எதிர்த்திசையில் டீசன்டாகத் தோற்கப் போய்க்கொண்டிருக்கிறேன்.

மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பியது. இடமிருந்து. மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில், மரமே இல்லாத வெட்டவெளியில், யாரோ தோளைப் பிடித்து நடுரோட்டுக்குத் தள்ளுவது மாதிரி இருந்தது. வேகத்தை 45-க்கு இறக்கிவிட்டேன்.

நாள் 2, செப்டம்பர் 13. புதுச்சேரி - வேளாங்கண்ணி

புதுச்சேரிக்கு வடக்கே தந்திராயன்குப்பத்தில் அலை சின்னதாக இருந்தது, அரைமணியில் முடித்துக்கொண்டேன். துறைமுகத் தடுப்பு கட்டியபின் வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கேயே தேங்கிவிட, மேலே இருக்கிற ஊர்களின் கரையைக் கடல் தின்றது. அதைத் தடுக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் இப்போது சர்ஃப் செய்கிறோம்.

கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால். வெயில் உச்சந்தலையில். பலகைக்கு மேல் தேய்க்கும் மெழுகு வெப்பநாட்டு ரகம்தான், ஆனாலும் உறைக்குள்ளே உருகி வழிந்து, வேளாங்கண்ணியில் அவிழ்த்தபோது மணலும் மெழுகும் குழைந்து எள்ளுருண்டைப் பாகு மாதிரி ஒட்டிக்கிடந்தது. அதில் தேங்காய் வாசனை வேறு. லாட்ஜ் வாசலில் இரண்டு நாய்கள் அரைமணி நேரம் பலகையை விட்டு நகரவில்லை.

திருவிழா 8-ஆம் தேதியே முடிந்து கூட்டம் வடிந்திருந்ததால் ரூம் சுலபமாகக் கிடைத்தது. வரவேற்பில் இருந்த அம்மா பலகையை மேலும் கீழும் பார்த்துவிட்டு "நேர்த்திக்கடனா தம்பி?" என்றார். வேளாங்கண்ணியில் நியாயமான கேள்விதான். இதுவரை வந்த ஊகங்கள்: ஏணி (செக்போஸ்ட் காவலர்), விமான ரெக்கை (ஸ்கூல் பையன்), பிணப்பெட்டி மூடி (இரண்டு பேர், தனித்தனி ஊரில்).

நாள் 3, செப்டம்பர் 14. வேளாங்கண்ணி - ராமேஸ்வரம்

வேதாரண்யம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம். நாள் முழுக்கக் கடலோரம். ஒரு அலைகூட இல்லை.

இது துரதிர்ஷ்டம் இல்லை, வரைபடத்தைப் பார்த்தால் புரியும். நாம் சவாரி செய்கிற நீண்ட அலைகள் நம் ஊர்க் காற்றில் பிறப்பவை அல்ல. வெகு தெற்கே, நாற்பது ஐம்பது டிகிரி தென் அட்சத்தில் அடிக்கும் புயல்கள் கிளப்பிவிடுபவை. அவை மேலே ஏறி வரும்போது இலங்கை குறுக்கே படுத்திருக்கிறது. அதன் முதுகுப்பக்கம் பாக் விரிகுடா, ஆழமும் இல்லாத கடல். கோடியக்கரையில் ஆரம்பித்து ராமேஸ்வரம் வரை தென்கடல் அலை எட்டிப்பார்க்காது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது.

கோட்டைப்பட்டினத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பலகை எதற்கு என்று சொன்னேன். கடலைத் திரும்பிப் பார்த்தார். அது கண்மாய் மாதிரி கிடந்தது.

"இந்தக் கடல்ல இதுக்கு என்ன வேல தம்பி? இதுல உக்காந்து சோறு வேணாத் திங்கலாம்."

நாள் 4, செப்டம்பர் 15. தனுஷ்கோடி, பாம்பன்

1964 டிசம்பரில் புயல் அழித்த ஊர் தனுஷ்கோடி. இடிந்த தேவாலயம், தண்ணீர்த்தொட்டி, அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. சாலைக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியாக இருப்பதைப் பெண்கடல் என்றும் பொங்கி அடிப்பதை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். நூறடி இடைவெளியில் ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் நுரை. ஆண்கடலில் அலை இருந்தது, ஆனால் கரையில் அப்படியே மடிந்து விழுந்து அறையும் அலை, உள்ளிழுப்பும் பயங்கரம். கழுத்தை முறித்துக்கொள்ள விருப்பமில்லை. பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இனி பாம்பன் பாலம். இதைத்தான் எழுத வந்தேன்.

நேற்று தீவுக்குள் வரும்போது ஒன்றுமே தெரியவில்லை. பாலத்தில் கிழக்கே வரும்போது தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வலப்பக்கம் அடிக்கும், நானும் வண்டியும் அதை வாங்கிக்கொள்வோம், பலகை எங்கள் மறைவில் சுகமாக வரும். இன்று திரும்பும்போது அதே காற்று இடப்பக்கம். அதாவது நேராகப் பலகையின் வயிற்றில். கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர் பாய், நடுவில் பாய்மரம் நான். பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். உச்சியில் ஏறும்போது வண்டியை இடப்பக்கம் நன்றாகச் சாய்த்துத்தான் நேராகவே ஓட்ட முடிந்தது. அப்படிச் சாய்ந்து ஓட்டும்போது எதிரே ஒரு அரசுப் பேருந்து வந்து தன் காற்றால் ஒரு நொடி இடப்பக்கம் தள்ளினால் என்ன ஆகும்? சாய்ந்த பக்கமே சரியும். அது கடந்ததும் காற்று மறுபடி அறைந்து வலப்பக்கம் தள்ளும். இப்படி நாலு பேருந்து. பக்கத்தில் ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம், அதன் தூக்குப்பகுதி, அதை வேடிக்கை பார்க்க நின்ற கூட்டம், எதையும் நான் பார்க்கவில்லை. முன்சக்கரத்துக்கு முன்னால் பத்தடி தாரை மட்டும் பார்த்தேன். 25-க்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடிக்கவே இல்லை, அவருக்குப் புண்ணியம்.

மண்டபம் பக்கம் இறங்கியதும் கை நடுங்கியது. டீக்கடையைப் பார்த்ததும் ஓரங்கட்டி, ஜெயித்த மிதப்பில், சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டு இறங்கினேன்.

ஓரம் முழுக்க மணல்.

டீ கைக்கு வரவில்லை, பின்னால் மடாரென்று சத்தம். ஸ்டாண்டு மெதுவாக மணலுக்குள் இறங்கி, வண்டி இடப்பக்கம், பலகைமேல், 145 கிலோவோடு படுத்துவிட்டது. பலகையின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், கொக்கி அழுத்திய இடத்தில் உள்நுரை வெள்ளையாகத் தெரிந்தது. கடலில் உடையவில்லை, பாலத்தில் உடையவில்லை. சும்மா நிற்கும்போது உடைந்தது.

நாள் 5, செப்டம்பர் 16. தருவைகுளம்

விரிசலோடு தண்ணீரில் இறக்கினால் நுரை உறிஞ்சிக் கனத்துவிடும். சர்ஃப் பலகை சரிசெய்யும் ஆள் இந்தக் கரையில் எங்கே இருப்பார் என்று இரவெல்லாம் யோசித்து, விடிகிற நேரத்தில்தான் உறைத்தது. சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து கரையெல்லாம் ஃபைபர் படகு. ஃபைபர் படகு இருக்கும் இடத்தில் ரெசின் இருக்கும்.

தூத்துக்குடிக்கு முன்னால் தருவைகுளத்தில் கவிழ்த்துப் போட்ட படகுக்குக் கீழே ஒருவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பலகையை நீட்டினேன். முதலில் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார், பிறகு மோந்து பார்த்தார்.

"உள்ள என்ன, தெர்மகோலா?"

இந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. படகு ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மகோலைக் கரைத்துவிடும், உள்ளே தெர்மகோல் வைத்த எபாக்ஸி பலகையாக இருந்தால் என் பலகைக்குள் குகை உண்டாகியிருக்கும். என்னுடையது பழைய பாணி, பாலியூரித்தேன் நுரை. அது தாங்கும்.

"இல்லண்ணே, ஃப்ரிட்ஜுக்குள்ள வைப்பாங்களே, அந்த மாதிரி."

"அப்பச் சரி."

விரிசலை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தி (எனக்கு வயிற்றைப் பிசைந்தது), நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, ரெண்டு மணி நேரம் வெயிலில் காயப்போட்டார். பிறகு தயிர் டப்பாவில் ரெசின், அதில் சொட்டுச் சொட்டாக ஹார்டனர், கண்ணாடி இழைத் துணி இரண்டு அடுக்கு. காற்றுக்குமிழியை விரலாலேயே நீவி எடுத்தார். காய்ந்தபின் தேய்த்துக் கொடுத்தபோது படகுக்கு அடிக்கும் நீலம் கொஞ்சம் கலந்திருந்தது. டப்பாவில் மிச்சம் இருந்ததாம். வெள்ளைப் பலகையில் ஒரு சாண் நீள நீலத் திட்டு.

"எஞ்சின் வைக்காத போட்டு. அவ்வளவுதான?" என்றார். 300 ரூபாய் வாங்கிக்கொண்டார், சாப்பாட்டுக்கும் உட்கார வைத்தார். கட்டும் முறையையும் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: பலகையைச் செங்குத்தாக நிறுத்தாதே, மேல் ஓரத்தை உள்பக்கமாகச் சாய்த்துக் கட்டு, காற்று முட்டாது, வழுக்கிக்கொண்டு மேலே போய்விடும். பாய் வைத்து ஓட்டியவர் பேச்சு. நாலு நாளாக நான் காற்றோடு மல்லுக்கட்டியதெல்லாம் ஒரு ட்யூப் பட்டையை ஒரு அங்குலம் இறுக்காததால்.

நாள் 6, 7, செப்டம்பர் 17, 18. மணப்பாடு

உடன்குடியில் கருப்பட்டிக் காப்பி. செம்மண் தேரியும் பனையுமாக ஒரு பாதை, அப்புறம் திடீரென்று கடல். 14-ஆம் தேதி திருச்சிலுவைத் திருவிழா முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேட்டின்மேல் தேவாலயம், கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, மறுபுறம் ஆறு கடலில் சேரும் மணல்திட்டு.

அலை இருந்தது. இலங்கையின் நிழலை விட்டு வெளியே வந்தாயிற்று. நெஞ்சுயரம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பதினைந்து நொடி இடைவெளி. இவ்வளவு இடைவெளி உள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம் வேகத்தில் வரும், தெற்கே பிறந்து இங்கே சேர ஐந்தாறு நாள். உட்கார்ந்து காத்திருக்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நான் கோவளத்தில் வண்டியைக் கிளப்பிய அன்று அங்கே கிளம்பியதுதான் இப்போது என்னிடம் வந்துகொண்டிருக்கிறது, வேகமும் ஏறக்குறைய என் வண்டி வேகம். மூன்றாவது அலையில் எழுந்து நின்றேன். முனையைச் சுற்றி வளைந்து வந்த அலை, முழங்கால் நடுங்க, நீலத் திட்டு தண்ணீரை உரச, எனக்கு நீளமாகப் பட்ட ஒரு சவாரி. கரையில் கால்பந்து விளையாடிய பையன்கள் விசில் அடித்தார்கள். அடுத்ததில் மூக்கைக் குத்திக் குப்புற விழுந்தேன், அதற்கும் அதே விசில்.

ஏழாம் நாள் எதுவும் எழுத இல்லை. காலையில் அலை, மதியம் தூக்கம், மாலையில் அலை.

நாள் 8, செப்டம்பர் 19. மணப்பாடு - கன்னியாகுமரிக் கோவளம்

உவரி, கூடங்குளம், காற்றாலைக் காடு. எதிர்க்காற்று, ஆனால் சாய்த்துக் கட்டிய பலகை அசையவில்லை. கன்னியாகுமரியில் நிற்கவில்லை.

இரண்டாவது கோவளத்தில் சூரியன் மறைவதைப் பார்க்கக் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். மற்றபடி படகு, வலை, ஐஸ் பெட்டி. தூண்டில் வளைவுக் கல்லுக்கு வெளியே கடல் கலங்கிக் கனமாகப் புரண்டது. இந்தக் கரையில் காற்றே இல்லாத நாளில் திடுமென உள்ளே ஏறும் கடலைக் கள்ளக்கடல் என்பார்கள். மணப்பாட்டில் என்னைத் தூக்கிவிட்ட அதே தென்கடல் அலையின் இன்னொரு முகம். ஒரு மூதாட்டி "இப்ப எறங்காத மக்களே" என்றார். இறங்கவில்லை.

நாள் 9, 10, செப்டம்பர் 20, 21. கேரளக் கோவளம்

முட்டம், குளச்சல், எல்லை, விழிஞ்ஞம். மே மாதம் திறந்த புதிய துறைமுகத்தின் கிரேன்கள் தூரத்திலேயே தெரிந்தன. கோவளம் கலங்கரைவிளக்கக் கடற்கரையில் சிவப்புக் கொடி. பருவமழை இன்னும் கையைக் கழுவவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் வந்து மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றேன்.

மறுநாள் காலை கொடி மாறியிருந்தது. உள்ளூர்ப் பையன்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே உள்ளே. அவர்கள் வரும் வேகத்துக்கு நான் ஒதுங்கி நின்று, மிச்சம் கிடைத்ததில் மூன்று அலை. மூன்றும் சுமார். நீலத் திட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை, அழுத்திப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், மோந்துகூடப் பார்த்தேன்.

மேலே வந்து சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திய வண்டியில் பலகையைச் சாய்த்துக் கட்டிவிட்டு டீ சொன்னேன். டீக்கடைச் சேட்டன் நம்பர் பிளேட்டைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"எவிடெந்நா வருந்நது?"

"கோவளம்."

கிளாஸை வைத்துவிட்டு, பாவமாக என்னைப் பார்த்து, விரலால் தரையைக் காட்டினார்.

"மோனே, இதாணு கோவளம்."